காத்துக்கிடக்கிறவளைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்கிறீர்கள்

நேற்றிலிருந்து சுற்றும் அந்த வீடியோவை எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "ஜீவனாம்சம் கேட்கிறவள் உட்கார்ந்து சாப்பிடப் பார்க்கிறாள்" என்று அதில் பேசுகிறவர் சொன்னதற்கு விழுந்த கைதட்டலையும் கேட்டேன். பதினாறு வருடமாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். அங்கே யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை, காத்துக்கிடக்கிறார்கள்.

வழக்கு முடியும்வரை கேட்கும் இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, அதன் இடத்தில் இப்போது இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆவது பிரிவு, அதிலும் இதே கெடுதான். 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், அதற்கு இரண்டு வாய்ப்புக்கு மேல் தரக் கூடாது என்றது.

என் கட்சிக்காரர் ஒருவருக்குப் போன வாரம் எட்டாவது வாய்தா. கணவர் தரப்பில் "பத்திரம் தயாராகவில்லை." ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண் அவர். மகளின் ஸ்கூல் பீஸ் ரசீது மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி வைத்திருந்தார். "அக்கா, இன்னைக்கும் ஒரு நாள் சம்பளம் போச்சு" என்றார். இவரா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்?

பொய் சொல்லிக் கேட்கும் பெண்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். தான் வேலை பார்ப்பதை மறைத்த ஒருவரின் வழக்குக் கட்டை நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பொய்யைப் பிடிக்கவும் இதே பத்திரம்தானே வேண்டும்? பத்திரம் வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

வக்கீல்கள்தான் இழுத்தடிக்கிறார்கள் என்கிறீர்கள். சிலர் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் "குடும்பத்தைப் பிரிக்கிறவள்" என்று எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பிரிந்து, பிறந்த வீட்டிலும் இடமில்லாமல் போன பிறகுதான் வருகிறார்கள்.

என் அம்மா அப்பாவிடம் ஒரு பைசா கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. தையல் மெஷினை மிதித்தே எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லும்போது அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டு சும்மா இருப்பார். எனக்கு அதில் பெருமை இல்லை. அந்த முழங்காலுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

சரி, வியாழக்கிழமை ஒன்பதாவது வாய்தா. அன்றும் பத்திரம் வராவிட்டால் எதிர்த்தரப்பு வாதத்தை நீக்கச் சொல்லி மனு போடுகிறேன். டைப் அடித்து வைத்தாகிவிட்டது.