'ரோபோ' என்ற சொல் யாருடையது?

"ரோபோ என்ற சொல்லை உருவாக்கியவர் ஐசக் அசிமோவ்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றிவருகிறது. அசிமோவ் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர். ஆனால் இந்தத் தகவல் தவறு.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் இந்தச் சொல் முதலில் வந்தது. அசிமோவ் பிறந்ததே அந்தக் காலத்தில்தான். சொல்லைக் கண்டுபிடித்தவர் சாப்பெக்கும் அல்லர், அவருடைய அண்ணன் யோசெஃப். 1933 டிசம்பர் 24 அன்று 'லிடோவே நொவினி' நாளிதழில் சாப்பெக்கே இதை எழுதியிருக்கிறார்: செயற்கைத் தொழிலாளர்களுக்கு 'லபோரி' என்று பெயர் வைக்க நினைத்தார், அது ஒட்டவில்லை. ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டார். அவர் வாயில் தூரிகையைக் கவ்வியபடியே, "ரோபோட்டி என்று வையேன்" என்று முணுமுணுத்தார்.

செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் நிலவுடைமையாளருக்குக் குடியானவர்கள் செய்த கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்க வரும் 'வெட்டி' நினைவுக்கு வருகிறது. இன்னொன்று, அந்த நாடகத்தின் ரோபோக்கள் இரும்பு இயந்திரங்கள் அல்ல. மாவுபோலப் பிசைந்த உயிர்ப்பொருளில் செய்யப்பட்டவர்கள், பார்க்க மனிதர்கள்போலவே இருப்பார்கள்.

அசிமோவுக்கு உரியது 'ரோபாட்டிக்ஸ்', அதாவது ரோபோக்களைப் பற்றிய துறையைக் குறிக்கும் சொல். 1941-இல் வந்த அவருடைய சிறுகதையில் அது இருக்கிறது. இரண்டையும் குழப்பியதில் பிறந்ததுதான் இந்தத் தகவல்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இரு சொற்களையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவரிடமும் சரியானதைச் சொல்லுங்கள்.