அது ராஜராஜன் காசு இல்லைய்யா, பராக்கிரமபாகு காசு!

இன்னும் எத்தனை பேர் தலையில்தான் இதைக் கட்டுவீர்கள்? "ராஜராஜன் வெள்ளிக்காசு சார், ரேர் பீஸ், இன்னிக்கு விட்டா கிடைக்காது." நாணயக் கண்காட்சிக்குப் போகிற எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். எந்தக் குரலில் சொல்வார்கள், சொல்லும்போது எப்படி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மேஜைக்கு அடியிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். மஞ்சப்பை, அதற்குள் ஒரு லென்ஸ், ஒரு நோட்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் ராஜராஜன் காசு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காகப் பென்ஷனில் எடுத்துவைத்த பணத்தோடு வந்திருக்கிறார். "தம்பி, இது நிஜமாவே ராஜராஜன் காசுதானா?" என்று கேட்கிறார். விற்கிறவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார்: "ஐயா, பொய் சொல்லி இந்தக் காசை வித்து நான் எங்க போகப்போறேன்? பெரிய கோயில் கட்டின மகராசன் காசுய்யா. பதினெட்டாயிரம். நீங்க வாத்தியாருங்கறதால பதினாலு."

வாத்தியார் என்பதற்காக நாலாயிரம் தள்ளுபடி! வாத்தியார் என்று தெரிந்தே ஏமாற்றுகிறார்!

பெரியவர் தன் லென்ஸை எடுத்தார். அவருக்குக் கை நடுக்கம். "கொஞ்சம் பார்க்கலாமா?" என்று நான் கேட்டேன். "எடுக்கறதா இருந்தா பாருங்க சார், சும்மா பார்க்கறதுக்கு இல்ல." பெரியவர்தான் "பார்க்கட்டும் தம்பி" என்று என் கையில் வைத்தார். திருப்பினேன். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள், அவர் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்து, இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவம். ராஜராஜன் காசும் இப்படித்தான் இருக்கும். ஆனால் அதில் "ஸ்ரீ ராஜராஜ" என்று இருக்கும். அதாவது ஒரே ஜோடி எழுத்து இரண்டு தடவை வரவேண்டும். நாகரி தெரியாதவர்கூட அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இதில் அப்படி எதுவும் இரண்டு தடவை வரவில்லை. "பராக்கிரம" படிக்க முடிகிறது. "பாஹு" பளிச்சென்று தெரிகிறது. இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு! அவன் ஆண்டது 1153 முதல் 1186 வரை. ராஜராஜனின் ஆட்சி 985 முதல் 1014 வரை. இடையில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு.

"இதுல பராக்கிரமபாகுன்னு எழுதியிருக்கே" என்றேன்.

"அது வேற டைப் சார்."

"டைப் இல்ல, பேரே வேற."

"டை வேரியேஷன் சார் அது." அதாவது, காசு அடிக்கிற அச்சில் வித்தியாசமாம்.

"ராஜராஜன் டை வேரியேஷன்ல எப்படிங்க பராக்கிரமபாகு வருவாரு?"

"அந்தக் காலத்துல அச்சு வெட்டுனவங்களுக்கு எழுத்து ஒழுங்கா வராது சார்."

அப்படியே நின்றுவிட்டேன். தஞ்சைக் கோயில் சுவர் முழுக்க யார் எத்தனை ஆடு கொடுத்தார்கள், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய் என்பதுவரை வெட்டிவைத்த அரசனுடைய ஆட்களுக்குத் தன் ராஜாவின் பெயரை எழுதத் தெரியாதாம்! "நீங்க என்ன புரொபசரா?" என்று அடுத்த கேள்வி. புரொபசராக இருந்தால்தான் எழுத்தைப் படிக்கவேண்டும், மற்றவன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்பது இவர்கள் சட்டம். நான் நகரவில்லை என்றதும் பக்கத்து ஸ்டாலிலிருந்து "அண்ணனை"க் கூப்பிட்டார்.

அண்ணனை உங்களுக்குத் தெரியும். எல்லாக் கண்காட்சியிலும் ஒரு அண்ணன் உண்டு. அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. கழுத்தில் லென்ஸ், விரலில் மோதிரம், முப்பது வருஷ அனுபவம் என்று அவரே அச்சடித்த கார்டு. காசை வாங்கினார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார், மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒரிஜினல்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. பெரியவர் பர்ஸை எடுத்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அது பொய் இல்லை. காசு ஒரிஜினல்தான். பராக்கிரமபாகுவின் ஒரிஜினல் செப்புக்காசு! எண்ணூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த நிஜமான காசு. அதைப் புளியிலோ ஆசிடிலோ போட்டு, காலம் காலமாக மேலே படிந்து காசின் வயதுக்குச் சாட்சியாக இருந்த பச்சைக் களிம்பு மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு, வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள். உட்கார்ந்தவரின் முழங்காலிலும் காசின் விளிம்பிலும் முலாம் தேய்ந்து செம்பு எட்டிப் பார்க்கிறது. ராஜராஜனுடைய செப்புக்காசு ஏராளம், வெள்ளியில் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் இந்த முலாம். புதிதாக வார்த்த டூப்ளிகேட் என்றால்கூட என் வயிறு இவ்வளவு எரியாது, போனது பணத்தோடு போயிருக்கும். இது கொலை. அந்தக் களிம்பு இனி திரும்பி வராது.

இன்னும் கேளுங்கள். அதே மேஜையின் இடது ஓரத் தட்டில், "சிலோன் காசு, எது எடுத்தாலும் 150" என்று அட்டை எழுதி ஒரு குவியல் கிடக்கிறது. அதில் அதே நிற்கிற ஆள், அதே உட்கார்ந்த ஆள். பராக்கிரமபாகு, அவனுக்குப் பிறகு இலங்கையை ஆண்ட லீலாவதி, சாகசமல்லன் எல்லாம் சோழர் காசின் இதே அமைப்பில்தான் காசு அடித்தார்கள், நிறையவே அடித்தார்கள், நிறையவே கிடைக்கிறது. அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, முலாம் பூசி, பிளாஸ்டிக் ஹோல்டரில் போட்டு, ஒரு அடி தள்ளி வைத்தால் பதினெட்டாயிரம். நான் அந்தத் தட்டைக் காட்டினேன். பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்து, "சார், தொழில் பண்ற இடத்துல இதெல்லாம் நல்லா இல்ல" என்றார். தொழிலாம்!

"சரி, இது எங்க கிடைச்சது?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டியதில்லை, பதில் நமக்கே தெரியுமே. "கரூர் ஆத்துல சார்." எல்லாம் கரூர் ஆற்றில்தான் கிடைக்கிறது இவர்களுக்கு! அமராவதி மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்தது உண்மை. மாக்கோதை, கொல்லிப்பொறை என்று சேர மன்னர் பெயர் பொறித்த காசுகள் வந்து சங்க கால வரலாற்றுக்கே வெளிச்சம் போட்டன. அந்த நல்ல பெயரை எடுத்து, எங்கே தோண்டியது என்று சொல்ல முடியாத எல்லாச் சாமானுக்கும் இன்று முகவரியாக ஒட்டுகிறார்கள்.

எங்கே கிடைத்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பாண்டிய நாட்டில் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் அரியணைச் சண்டை வந்தபோது, பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனைப் படையோடு இங்கே அனுப்பினான். பிடித்த இடங்களில் பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசையே புழங்கவைத்தான் அந்தத் தளபதி என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அந்தப் படை ராமேசுவரத்தில் செய்த அட்டூழியத்தைக் காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டு சொல்கிறது. அப்படியென்றால் இந்தக் காசு ராமநாதபுரம் கடற்கரையில் கிடைத்ததா, மதுரைப் பக்கம் கிடைத்ததா, இலங்கையிலிருந்து யாராவது போன மாதம் பையில் போட்டுக் கொண்டுவந்ததா என்பது எவ்வளவு முக்கியம்! கிடைத்த ஊர் தெரிந்தால் அது அந்தப் போருக்கே சாட்சியாக நிற்கக்கூடும். நூற்றைம்பது ரூபாய்ச் செப்புக்காசுக்கு அந்தப் பெருமை இருக்கிறது. அதை அந்த வாத்தியார் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் ஒரு வகுப்பே வாயைப் பிளந்து கேட்டிருக்கும். இவர்கள் பெயரை அழித்தார்கள், ஊரை அழித்தார்கள், உலோகத்தையே மறைத்தார்கள். மிச்சம் என்ன இருக்கிறது அந்தக் காசில்?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்கடியிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். தொல்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. லைசென்ஸைக் காட்டுங்கள் என்று எந்த மேஜையிலாவது கேட்டுப் பாருங்கள். தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை என்பது இன்னும் எரிச்சல். 2020-இல் லண்டன் ஏலம் ஒன்றில், சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. உலகமே கைதட்டியது. அது வந்த வழி பற்றிய கதை பொய். ஏல நிறுவனத்தின் உரிமையாளர் ரிச்சர்ட் பீல் 2023-இல் நியூயார்க்கில் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு கிரீஸுக்குத் திரும்பியது. 2012-இல் அதே நியூயார்க்கில் நாணயச் சந்தைக்கு வந்த கை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர், சிசிலியில் திருட்டுத்தனமாகத் தோண்டியது என்று நம்பிய கிரேக்கக் காசுகளை விற்கப் பார்த்துப் பிடிபட்டார். ஆராய்ந்து பார்த்தால் அந்தக் காசுகளே போலி! இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கார்ல் பெக்கர் என்று ஒருவர், தானே அச்சு வெட்டி அடித்த கிரேக்க, ரோமானியக் காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, குதிரை வண்டிக்கு அடியில் கட்டி ஊர் ஊராக ஓட்டிப் பழசாக்கினாராம். அவர் செய்ததும் மோசடிதான். 

இதே கண்காட்சியில் இன்னொரு மூலையில் ராமர் பட்டாபிஷேகம் போட்ட "1818 கிழக்கிந்தியக் கம்பெனி காசு" விற்கிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. கம்பெனி மதராசுக்காக அடித்த நிஜமான பத்துக் காசு, இருபது காசு எல்லாம் இங்கிலாந்தில் பர்மிங்காமின் சோஹோ நாணய ஆலையில் தயாராகி வந்தவை. 1808 வருஷம் போட்ட அந்தக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. கடலடியிலிருந்து எடுத்த அந்தக் காசுகளை இன்றைக்கும் மலிவாகவே வாங்கலாம். அப்படி ஒரு கதையுள்ள நிஜக்காசு கிடைக்கும்போது, ஜனம் பொய்க்காசுக்கு வரிசையில் நிற்கிறது. அரிசியை இழுக்கும் அபூர்வ சக்தி இருக்கிறது என்று சொல்லி அந்தப் பொய்க்காசைக் காட்டி லட்சக்கணக்கில் சுருட்டிய கும்பல்கள் தனி. இரும்புத் தூள் தடவிய அரிசி காந்தத்துக்கு இழுபடாமல் என்ன செய்யும்? வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐந்து லட்சம் தருகிறோம் என்று வீடியோ போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். 2012 என்று வருஷம் போட்ட சாதாரணக் காசு அது. முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள், கட்டியதும் காணாமல் போவார்கள். தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. யார் படித்தார்கள்?

பெரியவர் வாங்கவில்லை. பர்ஸை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார். 150 ரூபாய்த் தட்டைக் கிளறி, முலாம் படாத, பச்சைக் களிம்போடு இருந்த பராக்கிரமபாகு ஒன்றைத் தேடி எடுத்து, "இதுக்கு ஒரு ரசீது குடு தம்பி" என்றார். ரசீது புத்தகம் தீர்ந்துவிட்டதாம். பதினாலாயிரத்துக்கு மட்டும் ரசீது கிழித்திருப்பாரா? அதற்கும் அண்ணனின் வாய்வார்த்தைதான்.

அந்த முலாம் பூசிய காசு திரும்ப டப்பாவுக்குள் போயிற்று. நாங்கள் நாலடி நகர்வதற்குள் அடுத்தவரிடம் ஆரம்பித்துவிட்டார், "ராஜராஜன் வெள்ளிக்காசு சார்..."

இவ்வளவுக்கும் பிறகு வெளியே வந்து டீக்கடையில் பத்து ரூபாய்க் காசை நீட்டினால், "இது செல்லாது சார், நோட்டு குடுங்க" என்கிறார் கடைக்காரர். எரியுமா எரியாதா? ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே பதினாலு வடிவத்தையும் வரிசைப்படுத்தி, எல்லாம் செல்லும் என்று சொல்லியாயிற்று. அரசாங்கம் அடித்து அனுப்பிய காசு, இன்றைக்குச் செல்லுகிற காசு, அதை வாங்க மாட்டாராம். வாங்குய்யா. செல்லும்யா அது!