துரு மேலேயே பெயிண்ட் அடித்தால் துரு நிற்காது

"துருப்பிடித்த காரைச் சுரண்டவே வேண்டாம். அதன் மேலேயே இரண்டு கோட் ஸ்பிரே அடித்தால் துரு நின்றுவிடும். வீட்டு வாசலிலேயே முடிக்கலாம், கலரை மாற்றினாலும் யாருக்கும் சொல்ல வேண்டாம்." தஞ்சாவூர், நாகைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

துருவின் மேல் அடித்த பெயிண்ட் தகட்டைப் பிடிக்காது, துருவைத்தான் பிடிக்கும். அடியில் ஈரமும் காற்றும் இருக்கும்வரை அரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் கொப்புளம் கிளம்பும். நகத்தால் கீறினால் பழுப்புத் தூளோடு பட்டையாக உரிந்து வரும். வேளாங்கண்ணி மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தகடு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, அன்றைக்கே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு, அடிக்க வேண்டும். பள்ளத்துக்கு அதை நிரப்பும் பட்டிப் பசை போதும். ஓட்டையே விழுந்துவிட்டதா? அப்புறம் தகடு வேலை செய்யும் டிங்கரிங் பட்டறைதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலில் அடிக்கவே அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பெயிண்ட் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். கெட்டியாக்கும் ஹார்டனர் கலந்து, கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். அது ஆஸ்துமாவையே வரவழைக்கக் கூடியது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

பழைய கலரையே அடித்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், நிறமும் பதிவாகியிருக்கிறது. அதை மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியிலும் திருத்த வேண்டும். ராணுவ ஆலிவ் பச்சை மட்டும் கேட்டாலும் கிடைக்காது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கே உரியது.