பழைய பாடங்களை அப்படியே கொண்டுபோக முடியுமா?

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பல்துறை இளநிலைப் பட்டம் இணையவழி படிப்பவர்கள், கையிலிருக்கும் டிப்ளோமா கிரெடிட்டுகளை (படித்து முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளை) சேர்த்து இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கணக்கு அவ்வளவு எளிதல்ல.

அங்கே பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். பாடத்துக்கு 3 என்றால் 40 பாடங்கள். பழைய பாடங்களில் 60 கிரெடிட் ஏற்றாலும் பெரும்பாலானவை தொடக்கநிலைப் பாடங்களாகவே கழியும். மேல்நிலைப் பாடங்களைப் புதிதாகத்தான் எடுக்கவேண்டும். கடைசி 30 கிரெடிட்டாவது தங்களிடமே படிக்கவேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு.

பலர் சறுக்குவது பாடத்திட்டத்தில்தான். மதிப்பெண் பட்டியலில் 'சிறப்புத் தலைப்பு 2' என்று மட்டும் இருந்தால், மதிப்பிடுபவருக்கு அது என்ன பாடமென்றே தெரியாது. விருப்பப்பாடக் கணக்கில் தள்ளிவிடுவார். எனவே பழைய கல்லூரியிலிருந்து வாராந்தரத் தலைப்புகளுடன் பாடத்திட்டத்தை முதலில் வாங்குங்கள். எது எந்த இடத்தில் சேரும் என்பதை எழுத்துபூர்வமாகப் பெற்ற பிறகே கட்டணம் கட்டுங்கள்.

பணத்தையும் பாருங்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை (திறன் வளர்ப்புக்கு அரசு தரும் பயிற்சித் தொகையை) இத்தகைய வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கல்வி அமைச்சின் மானியமுள்ள உள்ளூர்ப் பகுதிநேரப் பட்டத்துக்கு முடியும். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி, இலக்கியப் பட்டத்தையே பகுதிநேரமாகப் படிக்கலாம். அந்தக் கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டது வருத்தமே.