மேர்ஜ் பண்ணாதீங்க, ஸ்பேனர் போடுங்க

நம்ம மலையகப் பக்கம் யார் எக்செல் கோப்பு அனுப்பினாலும், அது தோட்டத்துக் கொழுந்துக் கணக்கோ பாடசாலைப் பெறுபேறோ, தலைப்பு இரண்டு வரியில்தான் இருக்கும். மேலே மூன்று கட்டத்தை மேர்ஜ் செய்து 'ஜனவரி', அதற்குக் கீழே கொழுந்து, பேர் (எத்தனை பேர் பறித்தார்கள் என்பது), சராசரி. பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் அதை ஆர் என்ற கணினி மொழியில், ரீட்எக்செல் பெக்கேஜ் கொண்டு வாசித்தால் 'ஜனவரி' முதல் நிரலுக்கு மட்டும்தான் கிடைக்கும், மற்ற இரண்டும் மூன்று புள்ளியும் ஒரு எண்ணுமாகப் பெயரில்லாமல் வந்து நிற்கும்.

என் கட்சி இதுதான்: தரவுக்கு ஒரே தலைப்பு வரி போதும். நிரல்களைக் கூட்டி மேலே ஒரு மேல்தலைப்பு, அதாவது ஸ்பேனர், கட்டுவதெல்லாம் வாசிப்பவருடைய கண்ணுக்காக, அதைக் கடைசிப் படியில் நாம் எழுதும் கணினிக் கட்டளை செய்யட்டும். ரிச்சர்ட் இயனோன் எழுதிய, ஆரில் அட்டவணை போடும் ஜிடி பெக்கேஜ் இதற்கென்றே இருக்கிறது, பைத்தான்காரர்களுக்கு கிரேட் டேபிள்ஸ். நிரலுக்கு 'ஜனவரி_கொழுந்து' என்று பெயர் வைத்தால் டேப் ஸ்பேனர் டெலிம் என்ற கட்டளை அந்த அடிக்கோட்டில் வெட்டி மேல்தலைப்பைத் தானே போட்டுவிடும். சாதாரண டேப் ஸ்பேனரோ அங்கங்கே பிரிந்து கிடக்கும் நிரல்களையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்துவிடும், கேதர் என்ற தெரிவை நீங்களே நிறுத்தினால் ஒழிய.

கருவி இருக்கட்டும், எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாதாமாதம் கணக்கு வந்தது என்பதற்காக அட்டவணையையும் மாதவாரியாகக் கட்டுகிறோம். ஆனால் பார்ப்பவர் கேட்கும் கேள்வி 'போன மாதத்தைவிடக் கொழுந்து குறைஞ்சிருக்கா?' என்பது. அப்படியானால் 'கொழுந்து' மேல்தலைப்பு, அதன் கீழே ஜனவரி, பெப்ரவரி, மார்ச் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒப்பிட வேண்டிய இரண்டு எண்ணுக்கு நடுவில் வேறு இரண்டு நிரல் புகுந்தால் யார் கண்ணும் தடுமாறும். ஒரு பேருக்கு எத்தனை கிலோ விழுந்தது என்பதுதான் கேள்வி என்றால் மட்டும் மாதவாரியாக விடுங்கள், அப்போது கொழுந்தும் பேரும் ஒட்டி நிற்பது சரி.

வரிசையையும் கணினியிடம் விடாதீர்கள். பைத்தானில் தரவைக் கையாளும் பாண்டாஸின் பிவட் டேபிள் நிரல்களை அகரவரிசையில் அடுக்கும். உயர்நிலம், மத்திய நிலம், தாழ்நிலம் என்று தேயிலையைப் பிரித்துப் போட்டால் உயர், தாழ், மத்திய என்று வரும், 600 மீற்றருக்கும் 1200 மீற்றருக்கும் இடைப்பட்டது கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். அதை யார் உயர வரிசை என்பார்கள்? கிரேட் டேபிள்ஸில் கோல்ஸ் மூவ் என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும், அடுத்த மாதமும் அதே வரி ஓடும்.

நிறம் போடுவதற்காக மட்டும் ஒரு நிரல் வேண்டியிருந்தால் கோல்ஸ் ஹைட், அது மறையுமே தவிர அழியாது. நம் நாட்டில் மூன்று மொழியிலும் அறிக்கை கேட்பார்களே, அதற்கு கோல்ஸ் லேபிள்: தரவில் பெயர் மாறாது, காட்டும் தலைப்பு மட்டும் மாறும். இதற்காக மூன்று கோப்பு வைத்துக்கொண்டு மூன்றிலும் தனித்தனியாகத் திருத்துகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்புறம், ஸ்பேனர் போட வருகிறது என்று நாலு அடுக்கு கட்டாதீங்க. இரண்டுக்கு மேல் போனால், மாதங்களை நிரைக்கு இறக்கிவிடுங்கள். நீங்கள் அனுப்பும் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில், போனில்தான் திறப்பார்கள்.