கலவையைக் கலப்படம் என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை அந்த ஒயின் சுவைக்கூடத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கூட வந்தவர்களுக்குத் தெரியும், படங்களைப் பார்த்த உங்களுக்கும் ஓரளவு தெரியும். ஆனால் அங்கே ஊற்றிக் கொடுத்த கலவை ஒயினைக் "கலப்படம்" என்று சொன்னவர், எங்களோடு வந்தவர்தான், "நான் சொன்னதில் என்ன தப்பு?" என்று அவரே மறுபடி எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தப்பு இதுதான். கலவை வேறு, கலப்படம் வேறு. மட்டமானதை நல்லதோடு சேர்த்து ஏமாற்றுவது கலப்படம். ஒரு திராட்சை ரகத்திடம் இல்லாததை இன்னொரு ரகத்திடமிருந்து எடுத்து நிறைவாக்குவது கலவை. கலவை ஒயினுக்கென்றே பேர் வாங்கிய இடத்துக்கு வந்துவிட்டு, ஊற்றிக் கொடுத்த பெண்ணின் முகத்துக்கு நேராக "இதெல்லாம் கலப்படம், ஒற்றை ரகம் இருந்தால் கொடுங்கள்" என்றார். மூன்றாவது கிளாஸை அப்படியே வாளியில் கொட்டினார். கொட்டுவது குற்றமில்லை, வாளி அதற்குத்தான் இருக்கிறது. ஐந்தாறு ஒயின் சுவைக்கும் நாளில் நானும் துப்புவேன், கொட்டுவேன். ஆனால் முகர்ந்துகூடப் பார்க்காமலா?

"உண்மையான ஒயின் ஒரே திராட்சையில்தான் இருக்கும்" என்றார். அப்படியானால் பிரான்சின் போர்தோ ஒயினை என்ன செய்வது? அங்கே மெர்லோ என்ற திராட்சை முன்னால் பழுக்கும், கேபர்நே சாவிஞ்ஞோன் என்ற ரகம் பின்னால் பழுக்கும். வசந்தத்து உறைபனி மெர்லோவின் இளந்துளிரைக் கருக்கிய வருடத்தில் கேபர்நே கைகொடுக்கும். அறுவடைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால், அதற்குள் மெர்லோ வீடு வந்து சேர்ந்திருக்கும். வானத்தை நம்பிப் பிழைப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்த வழி அது. தெற்கு பிரான்சின் ஷாத்தோநெஃப்-டு-பாப்பில் 13 திராட்சை ரகங்களுக்கு அனுமதி உண்டு. ஷாம்பெயினில் ரகங்களை மட்டுமல்ல, வெவ்வேறு வருடத்து ஒயின்களையே சேர்க்கிறார்கள். இவ்வளவும் கலப்படமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லேபிளில் ஒரு ரகத்தின் பெயரைப் போட, பொதுவாக அந்தத் திராட்சை 75 சதவீதம் இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 85. அவர் அலமாரியில் அடுக்கி வைத்துப் பெருமைப்படும் ஒற்றை ரகப் பாட்டில்களில் எத்தனை உண்மையிலேயே ஒற்றை? அவர் உயிராக நினைக்கும் கேபர்நே சாவிஞ்ஞோனே கேபர்நே ஃப்ராங்க், சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற இரண்டு ரகங்கள் தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த பிள்ளை. 1997இல் மரபணுச் சோதனையில் அது தெரியவந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஆலையில் நாமே கலந்து பார்க்கும் அமர்வு ஒன்றில் உட்கார்ந்தேன். ஆளுக்கு நான்கு ஒயின், ஒரு அளவுக் குழாய், ஒரு தாள். தனித்தனியாகச் சுவைத்தபோது எனக்குக் கேபர்நே சாவிஞ்ஞோன்தான் பிடித்தது. அதனால் 100 மில்லியில் 90 அதையே ஊற்றினேன். நாக்கு வறண்டு போகிற துவர்ப்பு. ஒயின் தயாரிப்பவர் வந்தார். கேபர்நேயை 60க்குக் குறைத்து மெர்லோவைக் கூட்டினார், கடைசியில் பெட்டி வெர்டோ என்ற இன்னொரு ரகத்தை 3 மில்லி சேர்த்தார். மூன்றே மில்லி! நிறம் அடர்ந்தது, வாசனை திறந்துகொண்டது. ஒரு ஒயினைப் பாட்டிலில் அடைப்பதற்குள் இப்படி எத்தனையோ கலவைகளை உட்கார்ந்து சுவைத்துத் தள்ளுவார்களாம். அன்றைக்குத்தான் இது எவ்வளவு கவனமான வேலை என்று எனக்குப் புரிந்தது.

"மிஞ்சிய சரக்கைக் கலந்து விற்கும் ஆலைகள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஒற்றை ரகத்திலும் மோசமான ஒயின் இருக்கிறது, சரிதானே? "பிரான்சின் பர்கண்டியில் பினோ நுவார் ரகம் தனியாகத்தானே நிற்கிறது?" நிற்கிறது, எனக்கும் அது உயிர். ஒன்றைப் பிடிக்கும் என்பதற்காக இன்னொன்றைக் கலப்படம் என்று சொல்ல வேண்டுமா? "ஒரு கிளாஸ் ஒயினுக்கா இவ்வளவு நீளம்?" என்பவர்களுக்கும் சொல்கிறேன், இது கிளாஸைப் பற்றியது மட்டும் இல்லை.

அந்தப் பெண் முதல் கிளாஸ் ஊற்றும்போதே சொன்னார், அந்த அறுவடையில் தானும் விடியற்காலையில் திராட்சை பறித்ததாக, பீப்பாய் கழுவியதாக. அவர் சொன்னது நம் எல்லோர் காதிலும் விழுந்தது. அப்புறம்தான் இவர் "கலப்படம்" என்றார். அந்தப் பெண் ஒரு கணம் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றார், பிறகு "சரிங்க" என்று மட்டும் சொன்னார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். மூன்று நாளாக அதுதான் உறுத்துகிறது.

யாரோ ஒருவர் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். இவரை நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன். கிளாஸைத் தண்டில் பிடி, கை சூடு ஒயினில் ஏறக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே இவர்தான். "எதையும் சுவைக்காமல் பேசாதே" என்றதும் இவர்தான் அண்ணே, நினைவிருக்கிறதா?

நீங்கள் வெளியே போன பிறகு அந்த மூன்றாவது ஒயினை இன்னொரு முறை ஊற்றச் சொல்லிக் குடித்தேன். மெர்லோ 62, கேபர்நே ஃப்ராங்க் 30, பெட்டி வெர்டோ 8. நீங்கள் கேட்கவில்லை, அந்தப் பெண் எனக்குச் சொன்னார்.