இரத்தம் மட்டுமே வழியல்ல
குடல் ஹார்மோன்கள் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ப் பசியை அடக்குகின்றன என்று நான் படித்த கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஹார்மோன்களில் ஒன்றான ஜிஎல்பி-1 இரத்தத்தில் ஏறக்குறைய 2 நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். டிபிபி-4 என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. குடலிலிருந்து புறப்படுவதில் பெரும்பகுதி மூளையை எட்டுவதே இல்லை. அப்படியானால் செய்தி எப்படிப் போகிறது? குடல் சுவரிலேயே, வயிற்றுப் பகுதியை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் காத்திருக்கின்றன. அந்த நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை மூளையிலிருந்து கீழே வருபவை அல்ல, வயிற்றிலிருந்து மேலே செல்பவை என்பதைப் பலர் அறிவதில்லை. கோலிசிஸ்டோகைனின் என்ற மற்றொரு குடல் ஹார்மோன் இதற்குத் தெளிவான சான்று: அதைச் செலுத்தினால் எலிகள் குறைவாக உண்ணும், வயிற்றுப் பகுதிக்குச் செல்லும் வேகஸ் கிளைகளை வெட்டிவிட்டால் அந்த விளைவு பெருமளவு மறைந்துவிடும். 'ஊசி மருந்து இரத்தம் வழியாகத்தானே வேலை செய்கிறது?' என்று அந்தக் கட்டுரையின் கீழ் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஜிஎல்பி-1 போலச் செயல்படும் ஊசி மருந்தான செமாகுளுடைடு எளிதில் சிதையாதபடி மாற்றியமைக்கப்பட்டது; அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால்தான் இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் இரத்த-மூளைத் தடுப்பு தளர்ந்திருக்கும், மூளைத்தண்டிலுள்ள ஏரியா போஸ்ட்ரீமா என்ற பகுதியை அதனால் எட்ட முடிகிறது. வாந்தி உணர்வைத் தூண்டும் இடமும் அதுவே. அந்த ஊசியைத் தொடங்கிய முதல் வாரங்களில் என் அம்மா குமட்டலால் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். வயிறுதான் கெட்டுவிட்டது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். மருந்து மூளைத்தண்டையும் தொடுகிறது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.